எந்த ஜீயஸ்?

கி.மு. 399-இல் செனஃபோன் என்ற ஏதென்ஸ்காரர் கையில் காசில்லாமல் நின்றார். பாரசீக இளவரசன் ஒருவனுக்காகக் கூலிப்படையோடு போனவர். இளவரசன் களத்திலேயே செத்துப்போக, சுமார் 10,000 கிரேக்க வீரர்களை ஆசியாவின் உள்நாட்டிலிருந்து கடற்கரைக்குக் கூட்டிவந்த தளபதிகளில் ஒருவர். அவ்வளவு பாடுபட்டும் ஊர் திரும்ப வழிச்செலவுக்கு வக்கில்லை. லாம்ப்சாக்கஸ் நகரில் தன் செல்லக் குதிரையை 50 பொற்காசுக்கு விற்கும்படி ஆகிவிட்டது.

அங்கே அவருடைய பழைய நண்பர் யூக்ளைடிஸைச் சந்தித்தார். பலியிட்ட விலங்கின் குடலை வைத்துக் குறி சொல்பவர் அவர். முதலில் யூக்ளைடிஸ் நம்பவில்லை. இவ்வளவு பெரிய படையெடுப்பிலிருந்து வருகிறவனிடம் பணம் இல்லாமலா இருக்கும்? குடலைப் பார்த்த பிறகு நம்பினார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: “மெய்லிகியோஸ் (சாந்தப்படுத்த வேண்டிய) ஜீயஸுக்குப் பலி கொடுத்தாயா? ஊரில் உங்களுக்காக நான் கொடுப்பேனே, அது மாதிரி?” வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து கொடுக்கவில்லை என்றார் செனஃபோன். இத்தனைக்கும் போகிற வழியெல்லாம் ‘அரசன் ஜீயஸ்’ என்ற பெயரில் அதே ஜீயஸுக்குப் பலி கொடுத்துக்கொண்டு வந்தவர்தான். மறுநாள் தம் முன்னோர் வழக்கப்படி பன்றிகளை முழுசாக எரித்து மெய்லிகியோஸ் ஜீயஸுக்குச் செலுத்தினார். அன்றைக்கே படைக்குச் சம்பளப் பணத்தோடு இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். விற்ற குதிரையையும் மீட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, விலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இதைச் செனஃபோனே தம் நூலின் கடைசியில் எழுதிவைத்திருக்கிறார்.

கிரேக்கக் கடவுள்களைப் பற்றி நம்மிடம் இருப்பது பெரும்பாலும் ஓர் அட்டவணை. ஜீயஸ் இடி, பொசைடன் கடல், அதீனா அறிவு, அஃப்ரோடைட்டி காதல், ஏரிஸ் போர். பொது அறிவுப் புத்தகம் எதை எடுத்தாலும் இதுதான் இருக்கும். ஏதோ அமைச்சரவையில் இலாகா பிரித்துக் கொடுத்த மாதிரி. செனஃபோனின் சிக்கலுக்கு இந்த அட்டவணையில் விடை கிடையாது. ‘ஜீயஸ்’ என்று சொன்னால் மட்டும் அவருக்குப் போதவில்லை. எந்த ஜீயஸ், யாருடைய ஜீயஸ், அவருக்கு எந்த முறையில் செய்ய வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். கிரேக்கத் தெய்வங்களைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

பன்னிரண்டு என்ற கணக்கு

கிரேக்கர்களுக்கு வேதம் என்று ஒன்று இல்லை. எல்லா ஊருக்கும் பொதுவான பூசாரி வர்க்கமும் இல்லை. எந்தத் தெய்வத்துக்கு எந்த மாதம் எத்தனை ஆடு என்பதை ஊர்ச்சபை கூடித் தீர்மானித்துக் கல்லில் வெட்டி வைத்தது. பொதுவாக இருந்தவை இரண்டு: மொழி, பாட்டு. ஹோமரும் ஹெசியடும்தான் தெய்வங்களுக்குப் பிறப்பு வரிசை, பட்டப் பெயர், பொறுப்பு, உருவம் எல்லாவற்றையும் கிரேக்கர்களுக்குக் கொடுத்தார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அவர்கள் தமக்கு 400 ஆண்டுகளுக்கு மேல் முந்தியவர்கள் அல்ல என்றும் சொல்கிறார். கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கிரேக்கர் தம் தெய்வங்களின் வடிவத்தை இரண்டு புலவர்களின் கைவேலையாகப் பார்த்திருக்கிறார் என்பது கொஞ்சம் ஆச்சரியமான விஷயம்தான்.

ஒலிம்பஸ் மலையில் பன்னிரண்டு தெய்வங்கள் என்ற கணக்கு பழையது. ஏதென்ஸின் சந்தைவெளியான அகோராவில் கி.மு. 522-ஐ ஒட்டிப் ‘பன்னிரு தெய்வங்களின் பலிபீடம்’ கட்டப்பட்டது. கட்டியவர் சர்வாதிகாரி பைசிஸ்ட்ராட்டஸின் பேரன். ஊரின் மையப்புள்ளி அதுதான். ஏதென்ஸிலிருந்து மற்ற ஊர்களுக்கு எவ்வளவு தூரம் என்பதை அங்கிருந்தே அளந்தார்கள். அடைக்கலம் தேடி ஓடிவருகிறவர்களும் அங்கேதான் போய் உட்கார்ந்தார்கள். இன்றைக்கு அதன் பெரும்பகுதி ஏதென்ஸ் – பிரேயஸ் ரயில் பாதைக்கு அடியில் கிடக்கிறது. ஒரு மூலை மட்டும் வெளியே தெரியும்.

பன்னிரண்டு சரி, யார் அந்தப் பன்னிரண்டு பேர்? ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஒலிம்பியாவில் ஆறு இரட்டைப் பலிபீடங்கள் இருந்தன. அங்கே இருந்த பன்னிரண்டில் ஜீயஸ், அவர் மனைவி ஹீரா, அதீனாவோடு ஜீயஸின் அப்பா குரோனஸும் அம்மா ரியாவும் உண்டு. ஊரை ஒட்டி ஓடும் ஆல்ஃபியோஸ் ஆறும் உண்டு! ஒரு நதி பன்னிருவரில் ஒருவராக உட்கார்ந்திருக்க, அஃப்ரோடைட்டிக்கும் தானியத் தெய்வமான டிமீட்டருக்கும் இடமில்லை. ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலில் கிழக்குப் பக்கச் சிற்ப வரிசையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் மதுவின் தெய்வமான டயோனிசஸ் இருக்கிறார், அடுப்பின் தெய்வமான ஹெஸ்டியா இல்லை. வேறு பட்டியல்களில் ஹெஸ்டியா இருப்பாள், டயோனிசஸ் இருக்க மாட்டார். இதைச் சரிக்கட்டத்தான், ஹெஸ்டியா பெருந்தன்மையாகத் தன் இருக்கையை டயோனிசஸுக்கு விட்டுக்கொடுத்தாள் என்று ஒரு கதை உலவுகிறது. நல்ல கதை, ஆனால் பழைய கிரேக்க நூல் எதிலும் அது கிடையாது. பட்டியல் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கும் பிற்காலத்து மனசு கட்டிய கதை அது.

மலையும் நிஜமான மலைதான். 2,917 மீட்டர் உயரம், கிரேக்க நாட்டிலேயே உயரமானது. அதன் உச்சியில் மனிதர் ஏறியதாகப் பதிவாகியிருப்பது 1913-இல். சுவிட்சர்லாந்துக்காரர்கள் இருவரும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரும் ஏறினார்கள்.

சுட்ட களிமண்ணில் எழுதிய பெயர்கள்

ஜீயஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லை. ரிக்வேதத்தில் வானத்தைக் குறிக்கும் ‘த்யௌஸ் பிதர்’, ரோமர்களின் ஜூபிடர், கிரேக்கர்களின் ‘ஜீயஸ் பாட்டர்’ மூன்றும் ஒரே சொல்லின் பிள்ளைகள். வானத் தந்தை என்று பொருள். ஆனால் வேதத்தில் த்யௌஸ் பின்னுக்குத் தள்ளப்பட்டு இந்திரன் முன்னே வந்துவிட்டான். கிரேக்கத்தில் வானமும் இடியும் அரசும் ஒரே ஆளிடம் நின்றுவிட்டன. மற்றத் தெய்வங்களின் பெயர்களை இவ்வளவு சுலபமாகப் பிரித்துவிட முடியாது. அதீனா, அப்பல்லோ, அஃப்ரோடைட்டி எல்லாம் இன்றும் அறிஞர்கள் சண்டை போடும் சொற்கள்.

1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக் கலைஞர் ‘லீனியர் பி’ என்ற மிகப் பழைய கிரேக்க எழுத்தைப் படித்துக் காட்டினார். கி.மு. 1200-ஐ ஒட்டி பைலோஸ் அரண்மனை எரிந்தபோது, அதன் கணக்கர்கள் எழுதி வைத்திருந்த சுடாத களிமண் பலகைகள் அந்தத் தீயிலேயே சுட்டுக் கெட்டியாகிவிட்டன. அதனால் நமக்குக் கிடைத்தன. அவற்றில் இருப்பது புராணம் இல்லை, ஸ்டோர் கணக்கு: எந்தத் தெய்வத்துக்கு எவ்வளவு எண்ணெய், எந்தக் கோயிலுக்கு எத்தனை தங்கக் கிண்ணம். ஜீயஸ், ஹீரா, பொசைடன், ஹெர்மிஸ், ஆர்ட்டெமிஸ் என்று ஹோமருக்கு நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பெயர்கள் வந்துவிடுகின்றன. பைலோஸில் பெரிய ஆள் ஜீயஸ் இல்லை, பொசைடன். இன்னொரு அதிர்ச்சி டயோனிசஸ். மதுவும் வெறியாட்டமுமாக வரும் அந்தத் தெய்வம் வெளிநாட்டிலிருந்து பிந்தி வந்தது என்றுதான் கிரேக்கர்களே சொன்னார்கள், 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்களும் அதை நம்பினார்கள். களிமண் பலகையில் அவர் பெயரும் இருக்கிறது. ஆக, ‘எங்கிருந்தோ வந்தவன்’ என்பது அவருடைய வரலாறு இல்லை, சுபாவம். ஒவ்வொரு முறையும் அவர் புதிதாக ஊருக்குள் வருவார். ஊர் ஏற்காவிட்டால் பைத்தியம் பிடிக்கும்.

அஃப்ரோடைட்டியின் பெயர் அந்தப் பலகைகளில் இல்லை. அவளுடைய பெரிய கோயில் சைப்ரஸ் தீவின் பாஃபோஸில் இருந்தது. அங்கே வணங்கப்பட்டது கூம்பு வடிவக் கல். பளிங்கில் அழகியாக அவளைச் செதுக்கிய கிரேக்கர்களே, பாஃபோஸுக்குப் போனால் அந்தக் கல்லைத்தான் கும்பிட்டார்கள். மேற்காசியாவின் இஷ்டார், அஸ்டார்ட்டே போன்ற தெய்வங்களின் சாயல் அவளிடம் நிறைய உண்டு.

ஹெசியட் சொல்லும் பிறப்புக் கதையும் கிழக்கைத்தான் காட்டுகிறது. வானமான யுரேனஸைப் பிள்ளை குரோனஸ் அரிவாளால் ஆண்மை அறுத்து வீழ்த்துகிறான். கடலில் விழுந்த உறுப்பைச் சுற்றி நுரை கிளம்பி அதில் அஃப்ரோடைட்டி பிறக்கிறாள். பிறகு குரோனஸ் தன் பிள்ளைகள் தன்னைக் கவிழ்த்துவிடுவார்கள் என்று பயந்து ஒவ்வொன்றாக விழுங்குகிறான். கடைசிப் பிள்ளை ஜீயஸுக்குப் பதிலாக ஒரு கல்லைத் துணியில் சுற்றிக் கொடுத்து ரியா ஏமாற்றுகிறாள். துருக்கியில் ஹிட்டைட்டுகளின் தலைநகரில் தோண்டியெடுத்த பலகைகளில் குமார்பி என்ற தெய்வம், வானத் தெய்வமான அனுவின் ஆண்மையைக் கடித்து விழுங்குகிறது. அதன் வயிற்றிலிருந்து இடித் தெய்வம் வருகிறது. ஹெசியடுக்கு ஐந்து நூற்றாண்டாவது மூத்த கதை. குரோனஸ் கக்கிய கல் என்று ஒன்று, குறி கேட்கும் தலமான டெல்ஃபியில் இருந்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அங்கே போன பயணி பௌசேனியஸ், அதற்குத் தினமும் எண்ணெய் ஊற்றுகிறார்கள், திருவிழா நாளில் கம்பளி சாத்துகிறார்கள் என்று குறித்திருக்கிறார்.

பலிபீடத்தின் பக்கத்தில்

கதையில் வரும் ஜீயஸ் பெண் பித்தர். அன்னமாக, காளையாக, தங்க மழையாக உருமாறி எங்கே வேண்டுமானாலும் போவார். இந்தக் கதைகளை மட்டும் படிக்கிறவர்களுக்கு, இப்படிப்பட்டவரை எப்படிக் கும்பிட்டார்கள் என்ற கேள்வி வரும். வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் வேறு ஜீயஸ் தெரிவார். முற்றத்தில் ஒரு சிறு பலிபீடம்: ஹெர்க்கியோஸ், அதாவது வேலியைக் காக்கும் ஜீயஸ். ஏதென்ஸில் உயர் பதவிக்குத் தேர்வானவரிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று, “உன் வீட்டு ஹெர்க்கியோஸ் ஜீயஸ் எங்கே இருக்கிறார்?” என்பது. அப்பா அம்மாவை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறாயா, வரி கட்டினாயா என்பவையும் அதே மூச்சில் கேட்கப்பட்டன. களஞ்சிய அறையில் இன்னொரு ஜீயஸ், சொத்தைக் காக்கும் க்டேசியோஸ். அவருக்குச் சிலை கிடையாது. இரண்டு பிடி வைத்த சாடி, அதில் வெள்ளைக் கம்பளி சுற்றி, உள்ளே தண்ணீரும் எண்ணெயும் பலவகைக் கனிகளும். விருந்தாளியைக் காப்பவர் க்ஸெனியோஸ் ஜீயஸ். செனஃபோன் மறந்துபோன மெய்லிகியோஸ் ஜீயஸைக் கல்லில் செதுக்கும்போது பெரும்பாம்பாகச் செதுக்கினார்கள். இடி ஏந்திய தாடிக்காரர் எங்கே, சுருண்டு கிடக்கும் பாம்பு எங்கே!

பலி எப்படி நடந்தது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கோயில் என்பது சிலை குடியிருக்கும் வீடு; கும்பிட வருகிறவர்கள் அதற்குள் கூடுவதில்லை. பலிபீடம் வெளியே, திறந்த வெளியில் இருக்கும். மாலை போட்ட மாட்டை ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். ஒரு பெண் தலையில் கூடை வைத்திருப்பாள். கூடையில் பார்லி, பார்லிக்கு அடியில் கத்தி. எல்லோரும் கைகழுவியதும் மாட்டின் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். அது தலையைச் சிலிர்த்து ஆட்டினால் சம்மதம் கொடுத்துவிட்டதாக அர்த்தம். (ஆடு தலையாட்டினால் வெட்டலாம் என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை.) பார்லியை அள்ளி எறிவார்கள். நெற்றி மயிரில் கொஞ்சம் அறுத்துத் தீயில் போடுவார்கள். வெட்டு விழும் நொடியில் பெண்கள் குலவையிடுவார்கள். பிறகு தொடை எலும்பைக் கொழுப்பில் சுற்றி எரிப்பது தெய்வத்துக்கு. புகைதான் அவர்கள் பங்கு. ஈரலையும் இதயத்தையும் கம்பியில் குத்திச் சுட்டு அங்கேயே தின்பார்கள். மீதி இறைச்சி வேகவைத்து ஊருக்கெல்லாம் பங்கு.

எலும்பு தெய்வத்துக்கு, கறி மனிதனுக்கு என்ற இந்தப் பங்கீடு கிரேக்கர்களுக்கே உறுத்தியிருக்கிறது. அதற்கு ஹெசியட் ஒரு கதை வைத்திருக்கிறார். ப்ரொமீதியஸ் மாட்டை இரண்டு பங்காக்கி, நல்ல கறியை வயிற்றுப் பைக்குள் ஒளித்தும், வெறும் எலும்பைப் பளபளக்கும் கொழுப்பால் மூடியும் வைத்தான். ஜீயஸ் கொழுப்பை எடுத்துக்கொண்டார், அன்றிலிருந்து அதுவே பங்கு. அந்தக் கோபத்தில்தான் மனிதர்களிடமிருந்து நெருப்பைப் பறித்தார். மெய்லிகியோஸ் ஜீயஸிடம் இந்தக் கணக்கு செல்லவில்லை: செனஃபோன் எரித்த பன்றியில் ஒரு துண்டுகூட மனிதர் வாய்க்குப் போகவில்லை. கோபக்காரத் தெய்வத்தோடு யார் பந்தியில் உட்காருவது?

ஹீராவைக் கதைகள் பொறாமை பிடித்த மனைவியாக்கிவிட்டன. ஆனால் ஆர்கோஸிலும் சேமோஸ் தீவிலும் அவள் யாருடைய மனைவி என்பது இரண்டாவது விஷயம். அவை அவளுடைய ஊர்கள். ஒலிம்பியாவில்கூட அவளுடைய கோயில் ஜீயஸின் பெரிய கோயிலைவிட நூறு ஆண்டுக்கு மேல் மூத்தது. இன்று ஒலிம்பிக் சுடர் ஏற்றுவது அந்த ஹீரா கோயிலின் முன்னால்தான்.

ஒரு ஊர், ஒரு மரம்

அதீனா அறிவின் தெய்வம் என்றால் பாதிதான் சொன்னதாகும். அவள் கையில் ஈட்டி இருக்கிறது, பெண்கள் நெய்யும் தறியும் அவளுடையது, குயவர் சூளையும் அவளுடையது. எதையும் யோசித்துச் செய்து முடிக்கும் கெட்டிக்காரத்தனம் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் குன்றில் பொசைடன் சூலத்தால் குத்தி உப்பு நீர் ஊற்றை வரவைத்தார், அதீனா ஒலிவ மரத்தை நட்டாள், ஊர் அவளுக்குப் போனது என்பது கதை. தோற்றவரை அவர்கள் விரட்டிவிடவில்லை. அதே குன்றில் எரெக்தியான் கோயிலில் பொசைடனுக்கும் இடம் கொடுத்து, சூலம் குத்திய தழும்பு என்று பாறையைக் காட்டினார்கள். பூகம்பம் அவர் கையில் இருக்கும்போது பகைத்துக்கொள்ள முடியுமா? கி.மு. 373-இல் ஹெலிகே நகரம் ஒரே இரவில் பூகம்பத்தாலும் கடலாலும் அழிந்தபோது, பொசைடனின் கோபம் என்றே பலரும் சொன்னார்கள்.

பார்த்தினானுக்குள் சிற்பி ஃபிடியாஸ் செய்து கி.மு. 438-இல் நிறுவப்பட்ட தங்கமும் தந்தமுமான அதீனா பிரமாண்டம். ஆனால் ஊரின் மூலவர் அவள் இல்லை. ஒலிவ மரத்தில் செய்த ஒரு பழைய சிறு உருவம்தான். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பானதீனைய விழாவில், ஊர்ப் பெண்கள் மாதக்கணக்கில் நெய்த புடவை போன்ற ஆடையை ஊர்வலமாகக் கொண்டுபோய் அந்த மரச்சிலைக்குத்தான் சாத்தினார்கள். ஃபிடியாஸின் சிலையைப் பற்றி ஏதென்ஸின் தலைவர் பெரிக்கிளிஸ் வேறு மாதிரிப் பேசினார்: அதில் 40 தாலந்து எடைக்குத் தங்கம் இருக்கிறது, கழற்றி எடுக்கலாம், போருக்குப் பணம் தீர்ந்தால் எடுத்துக்கொண்டு பிறகு திருப்பி வைத்துவிடலாம் என்றார். மரச்சிலையைப் பற்றி யாரும் அப்படிக் கணக்குப் போடவில்லை.

கி.மு. 480-இல் பாரசீகர்கள் குன்றையே கொளுத்தினார்கள். மறுநாள் பலி கொடுக்க மேலே போனவர்கள், கருகிய ஒலிவ மரத்தின் அடியிலிருந்து ஒரு முழ நீளத் துளிர் கிளம்பியிருப்பதைப் பார்த்ததாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார்.

அப்பல்லோவைச் சூரியக் கடவுள் என்று எழுதுவது நம்மிடையே பரவலான தவறு. சூரியன் ஹீலியோஸ் என்ற தனித் தெய்வம். ரோட்ஸ் தீவில் நின்ற மாபெரும் வெண்கலச் சிலை அவனுடையது. இரண்டு பேரும் ஒன்றாகக் கலந்தது பிற்காலத்தில். இலியட் காவியத்தின் தொடக்கத்தில் வரும் அப்பல்லோ கொள்ளைநோய். தம் பூசாரியை அவமதித்ததற்காக இரவைப் போல இறங்கி வந்து, கப்பல்களிலிருந்து தள்ளி உட்கார்ந்து அம்பு விடுகிறார். முதலில் கோவேறு கழுதைகள், நாய்கள், பிறகு மனிதர்கள். ஒன்பது நாள் பிணம் எரிகிறது. நோயைத் தருபவரே நோயைத் தீர்ப்பவரும். டெல்ஃபியில் அவருக்காக வாக்குச் சொல்லும் பித்தியா என்ற பெண் முக்காலியில் அமர்ந்தாள். மாதம் ஒருநாள், அதுவும் குளிர்காலம் தவிர. குளிர்காலத்து மூன்று மாதம் டெல்ஃபி டயோனிசஸின் பொறுப்பில். ஒழுங்கின் தெய்வமும் வெறியின் தெய்வமும் ஒரே கோயிலை முறை வைத்துப் பகிர்ந்துகொண்டது எனக்குப் பிடித்த ஏற்பாடுகளில் ஒன்று.

அவருடைய இரட்டைச் சகோதரி ஆர்ட்டெமிஸ் கன்னி, வேட்டைக்காரி. அதே சமயம் பிரசவத்துக்கு அழைக்கப்பட்டவள். ஏதென்ஸுக்குக் கிழக்கே பிரவ்ரானில் சிறுமிகள் அவளுக்குக் ‘கரடிகளாக’ ஆடிச் சேவை செய்தார்கள். கல்யாண வயதுக்கு முன் ஒருமுறை காட்டு விலங்காக இருந்துவிட்டு வருவது. பிரசவத்தில் இறந்த பெண்களின் துணிமணிகள் அங்கேதான் காணிக்கையாகும் என்று யூரிப்பிடிஸ் நாடகத்தில் ஒரு வரி வருகிறது.

கிணற்றடியில் ஒரு கிழவி

டிமீட்டர் தானியத்தின் தெய்வம். அவள் மகள் பெர்செஃபொனி புல்வெளியில் நார்சிசஸ் பூவைப் பறிக்கக் கைநீட்டியபோது நிலம் பிளந்தது. பாதாள அரசன் ஹேடிஸ் தேரில் வந்து தூக்கிப்போனான். பெற்ற தகப்பன் ஜீயஸின் சம்மதத்தோடு. தாய் ஒன்பது நாள் சோறு தண்ணீர் இல்லாமல், குளிக்காமல், இரண்டு கையிலும் தீப்பந்தம் ஏந்தித் தேடுகிறாள். உண்மை தெரிந்ததும் தெய்வ சபையை உதறிவிட்டு, கிழவி வேடத்தில் எலூசிஸ் ஊர்க் கிணற்றடியில் உட்காருகிறாள். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் தங்கள் வீட்டுக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கூட்டிப்போகிறார்கள். வீட்டில் கொடுத்த திராட்சை மதுவை மறுத்து, பார்லி மாவும் புதினா வகை இலையும் கலந்த தண்ணீர் கேட்கிறாள். இயாம்பே என்ற வேலைக்காரி ஏதேதோ கேலி பேசி அவளை முதல்முறை சிரிக்கவைக்கிறாள். குழந்தையைச் சாகாவரம் பெற்றதாக்க இரவில் நெருப்புக்குள் வைக்கிறாள். தாய் பார்த்து அலறிவிட, எல்லாம் கெட்டது.

அதன் பிறகுதான் அவள் கோபம் நிலத்தில் இறங்குகிறது. விதை முளைக்கவில்லை. மனிதர் செத்தால் பலி கொடுக்க ஆள் இருக்காது என்றதும் ஜீயஸ் இறங்கி வருகிறார். மகள் திரும்புகிறாள், ஆனால் மாதுளை விதையைத் தின்றிருந்ததால் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கீழேதான் இருந்தாக வேண்டும். இது பருவங்களுக்குச் சொன்ன விளக்கம் என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவது வழக்கம். கன்னிப் பெண்ணைத் தகப்பன் பேசி முடித்து, தாயைக் கேட்காமலேயே தூரத்து வீட்டுக்கு அனுப்பிவைத்த சமூகம் அது. அந்தப் பாட்டைக் கேட்ட பெண்கள் பருவநிலையைப் பற்றி மட்டும் யோசித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

அவள் உட்கார்ந்த எலூசிஸில் ஆண்டுதோறும் நடந்தது ரகசியச் சடங்கு. ஏதென்ஸிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், புனித வழியில் ஊர்வலம். சேருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு பன்றிக்குட்டியோடு கடலில் இறங்கிக் குளிக்க வேண்டும். கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டும், கொலைப்பழி இருக்கக் கூடாது. மற்றபடி பெண், ஆண், அடிமை, வெளியூர்க்காரர் எல்லோரும் வரலாம். உள்ளே இரவில் என்ன காட்டினார்கள் என்பதைச் சொன்னால் மரண தண்டனை. ஆயிரம் ஆண்டுக்கு மேல், ஆயிரமாயிரம் பேர் பார்த்தும், ஒருவரும் தெளிவாக எழுதி வைக்கவில்லை. பார்த்தவர்களுக்குச் சாவைப் பற்றிய பயம் குறைந்தது என்பது மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பேரரசர் தியோடோசியஸ் பழைய வழிபாடுகளைத் தடைசெய்தார். அதோடு அது முடிந்தது. மகளைக் கொண்டுபோன ஹேடிஸுக்கோ கோயிலே அரிது. அவன் பெயரைச் சொல்லவே தயங்கி ‘செல்வன்’ என்ற பொருளில் புளூட்டோன் என்றார்கள்.

மற்ற மூன்று பேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏரிஸைக் கண்டால் அவன் அப்பாவுக்கே ஆகாது. ஒலிம்பஸில் எனக்கு மிகவும் வெறுப்பானவன் நீதான் என்று இலியட்டில் ஜீயஸ் முகத்துக்கு நேரே சொல்கிறார். போர் ஓயாத நாட்டில் போர்த் தெய்வத்துக்குக் கோயில்கள் குறைவு. நொண்டிக் கொல்லன் ஹெஃபைஸ்டஸைக் காவியத்தில் தெய்வங்கள் பார்த்துச் சிரிக்கின்றன. ஆனால் அகோராவை ஒட்டிய மேட்டில் இன்றும் கூரையோடு நிற்பது அவர் கோயில்தான். சுற்றிலும் உலோகப் பட்டறைகள் இருந்தன. ஹெர்மிஸ் காலையில் பிறந்து, நண்பகலுக்குள் ஆமை ஓட்டில் யாழ் செய்து, மாலையில் அண்ணன் அப்பல்லோவின் மாடுகளைத் திருடியவர். வீட்டு வாசல்தோறும் தலையும் ஆண்குறியும் மட்டும் செதுக்கிய சதுரக் கல்லாக அவர் நிற்பார். கி.மு. 415-இல், சிசிலிக்குக் கடற்படை கிளம்ப இருந்த சமயம், ஒரே இரவில் ஏதென்ஸின் பெரும்பாலான ஹெர்மிஸ் கற்களை யாரோ சிதைத்துவிட்டார்கள். ஊரே கதிகலங்கிப் போனது. விசாரணை, காட்டிக்கொடுத்தல், மரண தண்டனை. வாசல் கல் உடைந்தால் பயணம் உருப்படாது என்பது அவர்களுக்கு அவ்வளவு நிச்சயம். பயணம் உருப்படவும் இல்லை.

அவர்களுடைய தெய்வம், நம்முடைய பெயர்

கிரேக்கர்கள் எல்லோரும் இதை அப்படியே நம்பினார்கள் என்றும் சொல்ல முடியாது. எதியோப்பியர் தம் தெய்வங்களைக் கறுப்பாகவும் சப்பை மூக்காகவும் சொல்கிறார்கள், திரேசியர் நீலக் கண்ணும் செம்பட்டை முடியும் என்கிறார்கள். மாட்டுக்கும் குதிரைக்கும் கை இருந்தால் அவை மாடு மாதிரியும் குதிரை மாதிரியும்தான் தெய்வத்தை வரையும் என்றார் செனஃபனிஸ் என்ற தத்துவக் கவிஞர் (செனஃபோன் வேறு). கி.மு. 500-ஐ ஒட்டிய காலத்திலேயே!

வெளியூருக்குப் போனால் அங்குள்ள தெய்வத்தைப் பொய் என்று சொல்லும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. தங்கள் பெயரை வைத்துப் பார்ப்பார்கள். எகிப்தின் ஆமூன் ஜீயஸ், ஒசைரிஸ் டயோனிசஸ். சந்திரகுப்த மௌரியரின் அரசவைக்கு வந்த மெகஸ்தனிஸ் இந்தியர்களும் கிரேக்க வீரன் ஹெராக்ளிஸை வணங்குகிறார்கள் என்று எழுதினார். மதுராவைச் சொல்வதால் கிருஷ்ணனைத்தான் சொல்கிறார் என்பது பொதுவான கருத்து. அந்த ஹெராக்ளிஸுக்குப் ‘பண்டையா’ என்று ஒரே மகள், அவள் ஆண்ட நாட்டுக்கு அவள் பெயர், அவளை அலங்கரிக்க அவர் கடல் முத்துகளைத் திரட்டினார் என்றும் எழுதினார். பாண்டிய நாட்டைப் பற்றிக் காதில் விழுந்ததை அவர் தமக்குத் தெரிந்த தெய்வக் குடும்பத்தில் ஒட்டவைத்திருக்கிறார்.

சரி, எந்தத் தெய்வத்தைக் கேட்பது என்று ஒருவருக்குத் தெரியவில்லை என்றால்? வடமேற்கு மலைகளில் டொடோனா என்ற இடத்தில் ஜீயஸின் கருவாலி மரம் இருந்தது. குறி கேட்க வருகிறவர்கள் மெல்லிய ஈயத் தகட்டில் கேள்வியைக் கீறி, சுருட்டிக் கொடுப்பார்கள். ஆயிரக்கணக்கான தகடுகள் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. எந்தத் தெய்வத்துக்கு அல்லது எந்த வீரனுக்குப் பலி கொடுத்தால் ஊரில் ஒற்றுமை வரும் என்று கேட்கிறார்கள் கோர்ஃபு தீவுக்காரர்கள். லைசேனியாஸ் என்று ஒருவர் வந்திருக்கிறார். ஜீயஸையும் அவருடைய டொடோனா மனைவியையும் கேட்கிறார். அந்த மனைவி ஹீரா அல்ல. இங்கே அவள் பெயர் டையோனே. அன்னைலா வயிற்றில் வளரும் பிள்ளை தன்னுடையதுதானா என்பது கேள்வி. தகட்டில் அதற்கு மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை.